நிதி கேட்கப் போன இடத்தில்

என் வாலுக்குட்டிக்கு,

இளம் பெற்றோருக்கு மாதாமாதம் நிபந்தனையில்லாமல் பணம் தரும் எங்கள் திட்டத்துக்கு இன்று நிதி கேட்கப் போனேன்.

"கண்டபடி செலவு பண்ணிட்டா?" என்றார் அறக்கட்டளைத் தலைவி.

"அவங்களை நம்பணும் மேடம்" என்றேன். நானா இப்படிப் பேசினேன் என்று உனக்குச் சிரிப்பு வரும்.

உண்மையான ஓர் உதாரணம் கேட்டார். பத்தொன்பது வயதில், வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளைப் பெற்ற அப்பனே வெளியே அனுப்பிய கதையைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அந்த அப்பன் யார் என்றும் சொல்லவில்லை.

"அவளுக்கு என்ன குழந்தை பிறந்துச்சு?"

"தெரியாது மேடம்."

அவளுடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அங்கிருந்த எல்லோரும் என்னை மெச்சினார்கள். நிதியும் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சொல்ல ஆளில்லை.

உன் தோழி தந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நீ வர வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். என்ன குழந்தை என்று மட்டும் ஒரு வரி எழுதும்மா.

அப்பா