மூன்றில் நின்ற வால்யூம்

என் ஆசை அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதி. செல்வியின் கல்யாணம் முடிந்துவிட்டது, அண்ணே. மாப்பிள்ளை உடையார்பாளையத்துப் பையன், முந்திரித் தோப்பு இருக்கிறது, குணமும் தங்கம். தாலி ஏறும்போது உங்கள் மகள் அழவில்லை. நான்தான் மைக் செட்டுக்காரன் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அது முடிந்து இருபது நாள் ஆகிறது. இருபது நாளாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெரம்பலூர்க் கடையில் ஒரு ரேடியோவைக் கழற்றினால் அதை மூடாமலேயே அடுத்ததைக் கழற்றுகிறேன். இரண்டு தடவை அண்ணியைப் பார்க்க ரெட்டிபாளையத்துக்குக் கிளம்பி அரியலூர் வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது?

நீங்கள் வாங்கிய சத்தியம் அப்படி. நான் செய்து கொடுத்தது இன்னும் மோசம்.

உங்களுக்கு அந்த ஆம்ப்ளிஃபையரைச் செய்து கொடுத்தவன் நான். வால்யூம் குமிழைச் சுற்றிப் பத்து வரைக்கும் நம்பர் எழுதி ஒட்டியவனும் நானே. சிமெண்ட் ஆலையில் கல்லுடைக்கிற மெஷின் பக்கம் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, குளித்துவிட்டு, ஒரு நாதஸ்வர கேசட்டைப் போடுவீர்கள். ஆரம்பத்தில் மூன்றில் வைத்துக் கேட்டீர்கள். பிறகு நாலானது, ஐந்தானது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த பிறகு அந்தப் பெண் வந்து, "பிள்ள தூங்க மாட்டேங்குதுங்க" என்று சங்கடப்பட்டுச் சொன்னாள். அதனால் நான் ஹெட்போன் மாட்ட வழி செய்து கொடுத்தேன். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன், பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட ஒன்றும் கேட்காது.

சத்தம் வெளியே வராமல் போனதும் அண்ணிக்கு அந்த நம்பர்தான் துப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைக்கு போன் வரும்.

"தம்பி, ஒங்கண்ணன் ஆறுல வெச்சிருக்காரு."

அடுத்த மாதம், "ஏழு தம்பி! காதுல ஏதோ கோளாறு இருக்கு. திருச்சியில ஒரு டாக்டர்கிட்ட காட்டியே ஆவணும். நீங்களும் கூட வாங்க, நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு." சரி என்றேன். நாளும் குறித்தோம்.

அதற்குள் என் கெட்ட நேரம், உங்களுக்கு ஒரு சிடி பிளேயர் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். அந்தப் பழைய டேப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற சத்தம் சன்னமானது, சிடி பிளேயரிலிருந்து போவது பலமானது. டேப்புக்கு ஏழு வரை திருப்பினால் வருகிற சத்தம் இதில் மூன்றிலேயே வந்துவிடும். நம்பர் குறைந்தால் காதுக்குள் போகிற சத்தமும் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. என் தொழிலில் இது பால பாடம்.

அண்ணிக்கு அது எப்படித் தெரியும்? அந்த வாரம் போனில் குரலே துள்ளியது. "தம்பி, மூணுலதான் வெச்சிக் கேக்குறாரு! காது தன்னால சரியாயிருச்சி. திருச்சிக்கெல்லாம் வேணாம்!"

நேரில் விளக்கிச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீங்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருந்தீர்கள். எடுத்துக் காதில் வைத்தேன். பொறி கலங்கிவிட்டது, அண்ணே. பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் நீங்கள் வாசல்படியில் நிற்கிறீர்கள்.

"சொல்லிராதடா" என்றீர்கள்.

"என்னண்ணே இது? இந்தச் சத்தத்துலயா கேக்குறீங்க?"

"கிட்ட நின்னு பேசுனா கேக்குதுடா. பின்னாலேருந்து கூப்புட்டாத்தான் ஒண்ணும் தெரியல. செல்விக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம். அப்பன் செவுடுன்னா பொண்ணுக்கும் வருமான்னு கேப்பானுவ."

"அது மெஷின்கிட்ட நின்னு வந்ததுண்ணே!"

"வூடு வூடாப் போயி வௌக்கம் சொல்லிக்கிட்டுத் திரியவா? கல்யாணம் முடியட்டும், நானே அவகிட்டச் சொல்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." என் கையை இழுத்து உங்கள் கையில் அடிக்க வைத்தீர்கள்.

அப்போது அண்ணி தட்டில் வடையோடு வந்தார். "தொழில் தெரிஞ்சவரு நீங்களே சொல்லுங்க தம்பி. காது நல்லாத்தானே இருக்கு?"

"மூணுல வெச்சிக் கேக்குறவருக்கு என்ன அண்ணி கொறச்சல்?" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அண்ணி சந்தோஷத்தில் இன்னும் இரண்டு வடை வைத்தார். அதையும் தின்றேன். திருச்சிப் பயணம் அத்தோடு நின்றது.

எட்டு மாதம் கழித்து, காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போன உங்கள்மேல் சுண்ணாம்புக்கல் லாரி பின்னாலிருந்து ஏறியது. "விடாம ஹாரன் அடிச்சேன் சார், மனுசன் நவுரவே இல்ல" என்று அந்த டிரைவர் ஸ்டேஷனில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு மட்டும் அது புரிந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லல தம்பி. அன்னிக்கிக் காலையில சோத்து டப்பாவ மறந்துட்டுக் கெளம்பிட்டாரு. பின்னாலேருந்து மூணு வாட்டி கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. ஓடிப் போயி சைக்கிளுக்கு முன்னால நின்னு, 'என்னைய மனுசியா மதிக்கல, எங்கியாவது போயி ஒழியுங்க'ன்னு சொல்லிட்டேன். அது மட்டும் அவருக்குக் கேட்டுச்சி. ஒண்ணும் பேசாம டப்பாவ வாங்கிக்கிட்டுப் போனாரு." பிறகு என்னைக் கேட்டார்: "மூணுல வெச்சிக் கேக்குற காதுக்கு லாரி ஹாரன் கேக்காமலா இருக்கும் தம்பி? கேட்டுட்டுத்தான் நவுராம போனாரு. நான் சொன்ன சொல்லுதான் அவர முடிச்சிருச்சி."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. செல்வி கல்யாணம் ஆகாமல் இருக்கிறாள், அண்ணனுக்குச் சத்தியம் செய்திருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி பயம். 'அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் திருச்சிக்குப் போயிருப்பாரே, ஜாக்கிரதையாக இருந்திருப்பாரே' என்று அண்ணி கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

உங்கள்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கட்டின பெண்டாட்டியிடம் காது கேட்கவில்லை என்று சொல்ல என்ன வெட்கம்? அண்ணி மூன்று முறை கூப்பிட்டது கேட்கவில்லை என்று அந்த வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது மனதில் என்ன நினைத்தீர்கள்? சாயங்காலம் வந்து சமாதானம் செய்துகொள்ளலாம் என்றுதானே?

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அண்ணி இப்போது யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. கல்யாண மண்டபத்தில் அத்தனை கூட்டத்தில், பந்தியில் இருந்த என்னிடம் ஒரு சேதி சொல்ல, அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து தோளைத் தொட்டார். "குரல் குடுத்திருக்கலாமே அண்ணி" என்றேன். "வேணாம் தம்பி, என் வாயி நல்ல வாயி இல்ல" என்றார். பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கல்யாணம் முடிகிற வரைக்கும் என்றுதானே சத்தியம் வாங்கினீர்கள்? முடிந்துவிட்டது. இனிமேல் அண்ணியிடம் நீங்களே வந்து சொல்லப் போவதில்லை.

நாளைக் காலை முதல் பஸ். இந்த முறை அரியலூரில் டீ கிடையாது. ரெட்டிபாளையத்தில் இறங்கி நேரே அண்ணி முன்னால் போய் நின்று, அண்ணனுக்கு நீங்கள் கூப்பிட்டதும் கேட்கவில்லை, லாரி ஹாரனும் கேட்கவில்லை, இது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லிவிடுவேன். இது உறுதி, அண்ணே. இனி இந்த வாசலை மிதிக்காதே என்றால் மிதிக்க மாட்டேன். ஒளித்ததற்காக உங்களைத் திட்டட்டும். பொய் சொன்னதற்காக என்னைத் திட்டட்டும். தன்னைத்தானே திட்டிக்கொள்வதை மட்டும் அண்ணி நாளையோடு நிறுத்தட்டும்.

நீங்கள் சொன்ன பேச்சை இதுவரை தட்டாத,
உங்கள் தம்பி