பதினான்காம் எண் வீட்டின் தட்டு

பதினாறாம் எண் வீடு,
ஐந்தாம் சுரங்கக் குடியிருப்பு,
மார்ச் 9.

அன்பு மகள் யோலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அங்கே மொன்றியல் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை நீளம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். உன் அண்ணன் ரிஷெக் ஞாயிற்றுக்கிழமை உன்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டானாம், நீ எடுக்கவில்லையாம். அப்பாவின் கல்லறைக் கல்லில் போலிஷ் மொழியில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதிவிட்டான் என்று ஒரு வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னைக் கேட்காமல் செய்தது அவன் தப்புதான். ஆனால் அவன் நெஞ்சில் ஏதோ கட்டி இருக்கிறது, இருபத்தெட்டாம் தேதி லீல் நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான், சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். ஏன் மீறினேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் உன் அப்பாவிடம்கூட நான் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம் அடுப்படிச் சுவரும் பதினான்காம் எண் வீட்டு அடுப்படிச் சுவரும் ஒரே சுவர். அடுப்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டினால் காபி தயார், இரண்டு தட்டினால் இதோ வருகிறேன், மூன்று தட்டினால் போட்டது போட்டபடி ஓடி வா. உன் அப்பாவின் தாத்தாவை நிலக்கரிக் கம்பெனி ஜெர்மன் சுரங்கத்திலிருந்து குடும்பத்தோடு பிரான்சுக்குக் கூட்டிவந்து இங்கே குடிவைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பக்கத்தில் முதலில் இருந்தவர்கள் ஷிமான்ஸ்கி குடும்பம். சுரங்கத்தில் ஷிமான்ஸ்கி மேல் பாறை சரிந்தது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. சுரங்கத்தில் இறங்க ஆளில்லாத குடும்பத்துக்கு வீடு எதற்கு என்று அந்த அம்மாளையும் நாலு பிள்ளைகளையும் மாதம் முடிவதற்குள் கிளப்பிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்த அந்த நாட்களில், காலை பத்து மணிக்கு, கீழே இருப்பவர்கள் வேலையை நிறுத்தி ரொட்டி தின்னும் நேரத்தில், அங்கிருந்து மூன்று தட்டு கேட்டதாம். பிறகு சார்டினியாவிலிருந்து பீராஸ் குடும்பம் வந்தது, அவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார், வீடு காலியானது, மறுபடியும் தட்டு. ஆளில்லாத வீடு தட்டினால் பதில் தட்டக் கூடாது என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அப்பா சொன்னபோது நான் சிரித்தேன்.

அப்புறம் மொரோக்கோவிலிருந்து பிராஹிமும் இஜ்ஜாவும் வந்தார்கள். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது, இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை, ஆனால் தட்டு மட்டும் முதல் வாரமே பிடிபட்டுவிட்டது. நீயும் அவள் மகனும் இரண்டு வீட்டிலும் மாறி மாறித் தின்று வளர்ந்தீர்கள். அவள் பூனை உன் அப்பாவின் பந்தயப் புறாவைக் கவ்விக் கொன்ற அந்த வருஷம், நீ படிக்கப் போயிருந்தாய், பதினோரு நாள் நாங்கள் பேசவில்லை. பிராஹிமுக்குச் சுரங்கத் தூசி நெஞ்சில் கட்டிப்போயிருந்தது, மூச்சுக்கு சிலிண்டர் வைத்திருந்தார்கள், அவர்கள் வீட்டில் போன் இல்லை. பன்னிரண்டாம் நாள் பத்து மணிக்கு மூன்று தட்டு கேட்டது. நான் பியெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். வரட்டும், வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். மறுபடியும் மூன்று. அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அழுகிற குரல் கேட்டுத்தான் ஓடினேன். பிராஹிமைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், அவர் போய்விட்டிருந்தார். இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தேன் என்று சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். பொய், யோலா.

இஜ்ஜா மகனோடு தூவே ஊருக்குப் போய்விட்டாள். கீழே சுரங்கம் குடைந்ததில் தரை இறங்கிவிட்டது என்று பதினான்காம் எண் வீட்டுக் கதவுக்கும் ஜன்னலுக்கும் செங்கல் வைத்து அடைத்தார்கள். நாலாம் நாள் பத்து மணிக்குத் தட்டு ஆரம்பித்தது, மூன்று, கொஞ்சம் இடைவெளி, மூன்று. இருபத்திரண்டு வருஷம். அந்த நேரத்தில் உன் அப்பா எப்போதும் புறாக்கூண்டில் இருப்பார், அவருக்குக் கேட்டதில்லை. ஒரு தடவை சுவரில் கை வைத்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் அடுப்பு எரிகிற மாதிரி சூடாக இருந்தது. சுரங்க ஆபீஸிலிருந்து வந்த ஆள், பழைய சுரங்கத்தில் தண்ணீர் ஏறுகிறது, கீழே மரத்தூண்கள் முறிகிற சத்தம் அது என்றான். தூணுக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன், காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனான். எனக்கு என்ன பயம் என்று நினைக்கிறாய், பேயா? எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்பதுதான் பயம். என்னிடம் வந்துவிடு என்று நீ எத்தனை தடவை எழுதினாய், இதை இப்படியே விட்டுவிட்டு எப்படி வருவேன்?

போன மாதம் இஜ்ஜா வந்தாள். பதினான்காம் எண் வீட்டை இடிக்கப் போகிறார்கள், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். நம் அடுப்படியில் உட்கார வைத்து, சந்தைக்குப் போனதாகச் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். அவள் காபியைக் கீழே வைக்காமலே சொன்னாள், "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உன் உருட்டுக்கட்டை ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் தட்டினதும் நின்னுச்சு. இதோ அக்கா வர்றான்னு அவருகிட்ட சொன்னேன். அப்புறம் கட்டை மறுபடியும் ஓட ஆரம்பிச்சுது." அப்போது மணி பத்து. மூன்று தட்டு. இஜ்ஜாவின் முகம் வெளுத்துவிட்டது, அவளுக்கும் கேட்டது. "நான் இங்கதானே இருக்கேன், அங்க யாரு" என்றாள். மறுபடியும் மூன்று. "எந்திரிக்கா, இன்னும் எத்தனை வருஷம் உக்காந்திருப்பே" என்று அதட்டினாள். தெருவாவது, வழக்கமாவது. கம்பியை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். சுவருக்குள் ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி புகைபோக்கியிலிருந்து கரி பொலபொலவென்று கொட்டியது, அதற்கப்புறம் இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. பத்து மணி ஆனால் என் காது மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவளை பஸ் ஏற்றிவிடும்போது, மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "நீ வந்திருந்தாலும் அவரு பொழச்சிருக்க மாட்டாருக்கா. நான் தனியா இருந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கடவுள் நல்ல சுகத்தைத் தரட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. காதை மூடாமல் வெளியே போகாதே. இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் ரிஷெக்கைக் கூப்பிடு, கல்லைப் பற்றி அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

உன் அம்மா,
லியோகாடியா