ஒன்பதாம் நம்பர் மலையில் தேன்பருந்து

ஜன. 7, ஞாயிறு

கடுங்குளிர். பைப்புத் தண்ணியில கை வைக்க முடியல. துணி துவைக்கல.

நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் பறவை போஸ்டர் ரெண்டு வந்துச்சு. ஒண்ணை அங்க ஒட்டிட்டு மத்ததை வீட்டுக்குக் கொண்டாந்து அடுப்படிச் செவுத்துல ஒட்டியாச்சு. பேரெல்லாம் சிங்களத்துலயும் இங்கிலீசுலயும். தமிழ்ல இல்ல. நாமளே வச்சுக்க வேண்டியதுதான்.

இந்த வருசம் கண்ணுல படுறதை எல்லாம் எழுதணும். யாருக்கும் காட்ட இல்ல.

இன்னைக்கு: வாலாட்டி ஒண்ணு, தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில. கொண்டைக்குருவி நிறைய. மைனா. காக்கா. (காக்காவையும் எழுதணுமா? எழுதுவோம், அதுவும் பறவைதானே.)

லயத்து வரிசையில பக்கத்துக் காம்பராவுல இருந்து எங்க அக்கா எட்டிப் பார்த்தா. "சாமிப் படம் ஒட்ட இடமில்லைன்ன, இதுக்கு மட்டும் இடமிருக்கா?" அவ கேக்குறதுக்கெல்லாம் பதில் சொன்னா அடுப்புல சோறு குழைஞ்சிரும்.

ஜன. 19

வெயில். தாய்மார் பிள்ளைகளை விட்டுட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்க ஓடினதும் கொஞ்சம் மூச்சு விட்டேன். காம்பரா வாசல்ல நின்னா ஒன்பதாம் நம்பர் மலை முழுசும் தெரியும். உச்சியில கோயில், அதை ஒட்டிப் பெரிய தைல மரம். அதுல குளவிக் கூடு ரெண்டு, முறம் முறமா.

இன்னைக்கு அந்த மரத்துல புதுசா ஒரு ஆள். பருந்து உடம்பு. தலை மட்டும் சின்னது, புறாத் தலை மாதிரி. கழுத்து நீளம். போஸ்டர்ல தேடினேன். பம்பரகுஸ்ஸா.

கொழுந்து லொறி சுனில்கிட்ட கேட்டேன். "பம்பர"ன்னா மலைத்தேனீயாம். (நம்ம ஆளுகளுக்குக் கொட்டுறது எல்லாமே குளவி.) கூட்டைப் பிச்சு உள்ள இருக்கிற புழுவைத் தின்னுமாம். குளிர் காலத்துக்கு இங்க வந்து, சித்திரை வாக்குல திரும்பிப் போயிருமாம். கலைஞ்ச பூச்சி கீழ இருக்கிறவங்களைப் பிடிக்கும்னான். "நங்கி, ஏகா ஆவொத் துவன்ன." தங்கச்சி, அது வந்தா ஓடு.

அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. அக்கா கொழுந்து எடுக்கிறது அந்த மலையிலதான்.

பேரு வச்சாச்சு: தேன்பருந்து. சுருக்கி தே.ப.

பிப். 3

ஆறுமணிக்குருவி, மாட்டுப்பட்டிக்குப் பின்னால. பச்சை, நீலம், வயித்துல சிவப்பு. கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துக்கிட்டு குப்பையைக் கிளறுது. கத்தினது அஞ்சே முக்காலுக்கு. பேரை மாத்த முடியாது.

பிள்ளைக் காம்பராவுல சின்ன ரதிக்கு வயித்தாலடி. பால்மா முடியுது, சொல்லணும்.

பிப். 12

மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகிட்ட குளவிக் கூட்டைச் சொன்னேன். "கோயில் கும்பாபிஷேகம் முடியட்டும், எரிக்க ஆளைக் கூப்பிடுறேன்"னாரு. நல்ல மனுசன். மறதி ஜாஸ்தி.

தே.ப. இன்னைக்கும். மரத்துல உக்காந்து கூட்டையே பார்த்துக்கிட்டு இருக்கு, நம்ம பிள்ளைக பிஸ்கட் டின்னைப் பார்க்கிற மாதிரி.

மார்ச் 20

கும்பாபிஷேகம். லேசான தூறல், அப்புறம் நல்ல வெயில். டிக்கோயாவுல இருந்தெல்லாம் சனம். காலு வைக்க இடமில்ல.

குருக்கள் கலசத்தைத் தூக்கிக்கிட்டுக் கோபுரத்து மேல ஏறிட்டாரு. தண்ணி ஊத்தல. எல்லாரும் மேல பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கருடன் வரணுமாம், வந்து சுத்தினாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். நேரம் போகுது. கைக்குழந்தைக கத்துது. அப்பத் தைல மரத்துல இருந்து ஒண்ணு கிளம்பி, கோபுரத்துக்கு நேர் மேல ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து.

மைக்ல கோயில் தலைவர் ராமையா அண்ணன், "கருட பகவான் வந்துட்டாரு! எல்லாரும் தரிசனம் பண்ணிக்கங்க!" அரோகரா சத்தம் மலையைத் தூக்குது. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிறாங்க. அக்கா தேம்பித் தேம்பி அழுறா. அவ மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருசம், பிள்ளை இல்ல. அதை வேண்டிக்கிட்டுத்தான் அழுறான்னு தெரியும்.

தெரிஞ்சும் சொன்னேன். "அக்கா, அது கருடன் இல்லக்கா. தேன்பருந்து. கருடனுக்குத் தலை வெள்ளையா இருக்கும், உடம்பு செம்மண்ணாட்டம்."

கையில கிள்ளினா பாருங்க, ரத்தம் கட்டிருச்சு.

பந்தியில உக்காந்தப்ப ராமையா அண்ணன்கிட்டயும் சொன்னேன். குளவிக் கூட்டைச் சொல்லத்தான் போனேன், பறவையில வந்து நின்னுருச்சு. அவரு சாம்பார் வாளியைக் கீழ வச்சாரு. "புஷ்பம், நாலு எழுத்துப் படிச்சிட்டா சாமியையே திருத்துவியா?"

பாயாசம் நல்லா இருந்துச்சு. ரெண்டாந்தரம் கேக்க மனசு வரல.

மார்ச் 22

அக்கா பேசல. வாசல்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறா. சரி, போ.

வெள்ளைக்கண்ணிக் குருவி கூட்டமா, பேரிக்காய் மரத்துல. உலுக்கின மாதிரி உதிர்ந்து பறக்குது.

ஏப். 2

தைல மரத்துக்கு மஞ்சத் துணி கட்டியிருக்காங்க. அடியில கல்லு, விளக்கு. கருடன் உக்காந்த மரமாம்.

கூட்டை எரிக்க ஆள் வந்துச்சு. ராமையா அண்ணன் மரத்தடியில போய் நின்னுக்கிட்டாரு. "இதுல நெருப்பு வைக்கிறதுன்னா என் மேல வைங்க." வந்தவன் திரும்பிப் போயிட்டான். கண்டாக்கு ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு, "சாமி விசயம் புஷ்பம். நமக்கு எதுக்கு வம்பு?"

வம்பு யாருக்கு? இவரு மலையில குனிஞ்சு நிக்கிறவரா?

ஏப். 24

ரெண்டு வாரமா தே.ப. இல்ல. போயிருச்சு. எழுதும்போதே மூச்சு லேசாகுது. ஆறு மாசம் கிடைச்சிருக்கு.

வாலாட்டியும் போயாச்சு. பீலிக்கரை வெறிச்சுன்னு கிடக்கு.

ஜூன் 9

மழை. மழை. மழை. லயத்துக் கூரை மூணு இடத்துல ஒழுகுது. பறவை: காட்டுச்சேவல் சத்தம் மட்டும். மூடுபனியில எதையும் பார்க்க முடியல. காக்கா ஒண்ணு காம்பரா ஜன்னல்ல நனைஞ்சு நின்னுச்சு, ரொட்டித் துண்டு போட்டேன்.

ஜூன் 27

அக்கா மகள் முழுகாம இருக்கா. மூணு மாசம்.

லயம் பூரா கற்கண்டு குடுத்தா அக்கா. என் வாசல்லயும் வந்து நின்னா. மூணு மாசத்துக்கு அப்புறம் வாயைத் திறக்கிறா: "கருடன் இல்லைன்னியே, இப்ப என்ன சொல்ற?"

"சந்தோசம்க்கா"ன்னேன். நெசமாவே சந்தோசம். அந்தப் பிள்ளை எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்குச்சு. இனி இந்த லயத்துல அந்தப் பறவையைப் பருந்துன்னு சொன்னா என்னைத்தான் எரிப்பாங்க.

ஜூலை 30

மழை விட்டிருக்கு. குளவிக் கூடு ரெண்டும் காலி! பூச்சி எல்லாம் இடம் மாறிருச்சு. காய்ஞ்ச அடை மட்டும் தொங்குது. அந்தக் கிளையை இப்ப வெட்டிட்டா ஒருத்தருக்கும் ஆபத்தில்ல, திரும்பி வந்தாலும் கட்ட இடமிருக்காது.

கோயில் கூட்டத்துல போய்ச் சொன்னேன். பறவைப் பேச்சே எடுக்கல. கிளையை மட்டும்னேன். அக்காவும் அங்க இருந்தா. ராமையா அண்ணன் அவளைப் பார்த்துக் கேட்டாரு, "செல்வராணி, நீயே சொல்லு. உனக்குப் பேரப்பிள்ளை குடுத்த மரத்தை வெட்டலாமா?"

அக்கா, "வேணாங்க"ன்னா.

செம்போத்து, வரும்போது வழியில. நல்ல சகுனம்னு சொல்லுவாங்க. எங்க?

ஆக. 18

கொண்டைக்குருவிக் குஞ்சு மூணு, தேயிலைச் செடிக்குள்ள. ஒண்ணைப் பாம்பு எடுத்துருச்சு. ரெண்டு பறந்துருச்சு.

கருவாடு. மண்ணெண்ணெய். ரதிக்குச் செருப்பு அளவு பார்க்கணும்.

செப். 14

வாலாட்டி வந்தாச்சு! அதே பீலிக்கரை, அதே கல்லு. வாலை ஆட்டிக்கிட்டே எங்கிருந்தோ வந்துருக்கு, பாஸ்போட்டு இல்ல, ஒண்ணும் இல்ல.

குளவியும் வந்தாச்சு. அதே கிளை. இந்தத் தடவை மூணு கூடு.

அக். 26

தே.ப. காலையில, மழைக்கு முன்னால. உடம்பு கனம், இறக்கையில கோடு தெளிவா இருந்துச்சு. அழகுதான். எழுதுறவ பொய் எழுதக்கூடாது.

சாயங்காலம் அக்கா வாசலுக்குப் போனேன். "மேல பார்த்து வேலை செய்யுக்கா. அது கூட்டுல இறங்கினா கூடையைப் போட்டுட்டு ஓடிரு." கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தா. "சாமி என்னை ஒண்ணும் பண்ணாது."

நவ. 12

எல்லாத்தையும் எழுதிர்றேன்.

பத்து மணி இருக்கும். வெயில். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தேன். உதவிக்காரப் பொண்ணு இன்னைக்கு லீவு. வாசல் வழியாப் பார்த்தா தே.ப. நடுக் கூட்டுல காலை ஊனி நின்னு பிய்க்குது. கூடு கறுப்பாக் கிளம்புது, புகை மாதிரி.

வெளிய ஓடி, தட்டைக் கரண்டியால அடிச்சுக் கத்தினேன். மலையில எல்லாரும் நிமிர்ந்தாங்க. நான் கையைக் காட்டின பக்கம் பார்த்தாங்க. பறவையைப் பார்த்தாங்க.

கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

ஐயோ, வரிசையா நின்னு கும்பிடுறாங்க. அக்காவும்தான். அப்புறம் அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. என்ன தோணுச்சோ, "ஓடுங்கடி! கூட்டைக் கலைச்சிருச்சு, ஓடுங்கடி!"ன்னு கத்தினா, ஆம்பளைக் குரல்ல. கூடையை வீசிட்டு எல்லாரும் கீழ. ராமையா அண்ணன் சம்சாரம் லெச்சுமி அக்கா கால் இடறி விழுந்துட்டாங்க. அக்கா திரும்பி மேல போனா.

அதுவரைக்கும்தான் பார்த்தேன். காம்பரா வாசலுக்கே பூச்சி வந்துருச்சு. உள்ள பிள்ளைக. கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். இடுக்குல எல்லாம் ஈரத் துணி. பிள்ளைகளைப் போர்வைக்குள்ள போட்டு மேல படுத்துக்கிட்டேன். அக்கா வெளிய இருக்கா, நான் கதவைச் சாத்தினேன். வெளிய சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரு சத்தம்னு பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு பாட்டுப் பாடினேன். பிள்ளைகளும் பாடுச்சு.

நவ. 13

டிக்கோயா ஆஸ்பத்திரி. நம்ம ஆளுக எட்டுப் பேர். எல்லாருக்கும் உயிர் இருக்கு. லெச்சுமி அக்காவை மட்டும் நுவரெலியாவுக்கு அனுப்பிட்டாங்க.

அக்காவை அடையாளம் தெரியல. முகம் பூசணிக்காய். கண்ணு திறக்க முடியல. கையைத் தொட்டதும் கேட்டா, "புஷ்பாவா? கதவைச் சாத்துனியா?"

"சாத்திட்டேன்க்கா."

"பிள்ளைக?"

"ஒண்ணுக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்பச் சரி."

ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அழுதேன். ஒரு தாதி வந்து ஓரமாப் போய் அழச் சொன்னாங்க.

நவ. 19

ராமையா அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாராம், கருடனைப் பருந்துன்னு பழிச்ச வாயாலதான் குளவி வந்துச்சுன்னு. கடையில என்னைப் பார்த்ததும் பேச்சு நின்னுருச்சு. பருப்பு வாங்காமலே வந்துட்டேன். ஆத்திரம். ராத்திரிக்கு வெறும் ரொட்டி.

பறவை எதுவும் பார்க்கல. பார்க்கப் பிடிக்கல.

நவ. 28

அக்கா வீட்டுக்கு வந்தாச்சு. வீக்கம் வடிஞ்சிருக்கு. லெச்சுமி அக்காவும் நேத்தே வந்துட்டாங்களாம்.

ராமையா அண்ணன் பழம் வாங்கிக்கிட்டு அக்காவைப் பார்க்க வந்தாரு. பேச்சு சுத்திச் சுத்தி என் வாய்க்கே வந்துச்சு. அக்கா படுக்கையில இருந்தே சொன்னா, "அண்ணே, அது கருடனோ பருந்தோ, எனக்குப் பேரப்பிள்ளை குடுத்துச்சு, நான் கும்பிடுவேன். ஆனா கூட்டைப் பிய்க்கிது. உங்க சம்சாரத்தைத் தூக்கினப்ப நான் பார்த்தது அதைத்தான். புஷ்பா சொன்னதும் அதைத்தான்."

அவரு பழத்தை வச்சிட்டுப் போயிட்டாரு. அக்கா எனக்கு ஒரு ஆரஞ்சை எறிஞ்சா. புளிப்பு.

டிச. 9

காலையில பனிமூட்டம், அப்புறம் வெளிச்சம். வாலாட்டி ஒண்ணு. ஆறுமணிக்குருவி சத்தம். மூணு கூட்டுல ஒண்ணு மிச்சம். எரிக்க இன்னும் ஆள் வரல.

அக்காவுக்கு இன்னைக்குத்தான் முதல் வேலை. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல ஒன்பதாம் நம்பர்னு சொல்லியிருக்காங்க. பிள்ளைகளை இறக்கிட்டு எல்லாரும் போவாங்கன்னு பார்த்தா, ரோட்டுலயே நிக்கிறாங்க. அக்கா முன்னால, லெச்சுமி அக்கா பின்னால. யாரும் மலைக்குள்ள கால் வைக்கல.

அக்கா கீழ இருந்து கத்தினா, "ஏய் புஷ்பா! மரத்துல என்ன நிக்குதுன்னு பாரு!"

பார்த்தேன். நின்னுச்சு.

அரை நாள் கூலி போயிரும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். "தேன்பருந்து நிக்குது"ன்னு கத்தினேன்.

எல்லாரும் கூடையைக் கவுத்துப் போட்டு ரோட்டோரம் உக்காந்தாங்க. கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிள்ல வந்து சத்தம் போட்டாரு. லெச்சுமி அக்கா வெத்தலை மடிச்சுக்கிட்டே, "அது பறக்கட்டுங்க ஐயா, போறோம்"னாங்க.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் பறந்துச்சு. எல்லாருக்கும் அரைப் பேர், பாதி நாள் கூலி. ஒருத்தரும் என்னைத் திட்டல.