தட்டுல ஒரு மாத்திர

மலரு அப்பாவுக்கு,

கஞ்சி மூடி வெச்சிகீறேன், தொட்டுக்க வறுத்த நெத்திலி கீது. பக்கத்துல தட்டுல ஒரே ஒரு மாத்திர. மீதி அட்டய இடுப்புல சொருவிகினு மீன் மார்க்கெட்டுக்குப் போறேன். பக்கத்து வூட்டு கெங்கம்மா வரும், நீ முழுங்கறதப் பாத்துட்டுதான் போவும்.

கடலுக்குப் போன எடத்துல போட்டுல வுழுந்து தலைல அடிபட்ட உனக்கு, ஞாபகத்துக்குன்னு டாக்டரு குடுத்த மாத்திர மலரு காம்பஸ் டப்பால இன்னா பண்ணுது? பரீட்சைக்கு ஆவும்னு நீதான குடுக்கற? பொண்ணு தூக்கமில்லாம கை நடுங்கினு கீது. நல்லா கீற புள்ளைக்கு இதக் குடுக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்ட்டாரு.

வூட்டு சாவி கெங்கம்மாகிட்ட கீது, நீ தேடாத.

நேத்து என் பேரு வாய்ல வராம நீ முழிச்சப்ப, குடிகாரான்னு திட்டிட்டேன். அவளுக்குப் பாடம் ஞாபகம் இருக்கணும்னு நீ என்னிய மறக்கணுமாய்யா?

அங்கம்மா. உன் பொண்டாட்டி.