தோற்றுவிட்டார் என்று பேசிய கேசட்

மச்சான்,

காலேஜ் போட்டிக்கென்று நம் மகள் புது டென்னிஸ் பந்து டப்பா வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் குப்பென்று அந்த ரப்பர் வாசம். முதல் லீவில் நீங்கள் கொண்டுவந்த பெட்டியிலும் அதே வாசம்தான். சவூதியிலிருந்து வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள்; முத்துப்பேட்டைக்கு டென்னிஸ் மட்டை கொண்டுவந்த ஒரே ஆள் நீங்கள். அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன்.

அந்த ஆஸ்திரேலிய டென்னிஸ்காரரின் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கோதுமை விவசாயி மகன், தானியக் கொட்டகையின் தகரச் சுவரில் பந்தடித்துப் பழகியவர், சின்ன வயதிலேயே கப்புகளை வாங்கிக் குவித்தவர். "தோள்ல ரெண்டு ஆபரேஷன் புள்ள, இன்னும் ஆடுறான்" என்பீர்கள். மூட்டை தூக்கி உங்கள் தோளும் போயிருந்ததை என்னிடம் சொல்லவே இல்லை.

பிறகு உங்களைப் பாலைவனத்து வேலைக்கு மாற்றினார்கள். அங்கே டிவி இல்லை, பேப்பர் இல்லை. ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் கேசட்டில்தான் நம் குடித்தனம் நடந்தது. ஒன்றில் சொன்னீர்கள்: "இந்தத் தடவை அவன் பெரிய கப்பை ஜெயிச்சா நானும் வேலைய முடிச்சுக்கிட்டு ஊருக்கு வந்துடுறேன். மேட்ச்சப் பாத்து அப்படியே சொல்லு."

அவர் ஜெயிக்க வேண்டுமென்று துஆ கேட்டுக்கொண்டே டிவியில் பார்த்தேன். ஐந்தாவது செட்டில் தோற்றார். மறுநாளே டேப்பை அழுத்தி, "தோத்துட்டாரு மச்சான், ஆனா நல்லா ஆடுனாரு" என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

ஒரு மாதம் கழித்து உங்கள் பதில் வந்தது. "சரி விடு புள்ள, அடுத்த வருஷம் ஜெயிப்பான். நானும் காண்ட்ராக்ட்ட ஒரு வருஷம் கூட்டிப் போட்டுட்டேன்."

அந்த வருஷம் முடியவில்லை. நெஞ்சு வலி என்றார்கள், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஜெயித்திருந்தாலும் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள், வீட்டு நிலைமை அப்படி என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். அந்த மனிதர் கடைசிவரை அந்தக் கப்பை வாங்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு அப்பாவின் பண்ணைக்கே திரும்பிவிட்டாராம்.

மாமிக்கு இப்போது நினைவு தப்பிவிட்டது. "எம்புள்ள எப்ப வர்றான்?" என்று தினமும் கேட்கிறார்கள்.

"அடுத்த மாசம் மாமி. டிக்கெட் போட்டாச்சு" என்கிறேன். உடனே முகம் மலர்ந்து சோறு சாப்பிடுகிறார்கள்.

பொய் எனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது, மச்சான். அன்றைக்கு உங்களுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம்.