ருக்குமணி பேசினாள்

4 மார்ச் 1986

காலையில் நல்ல மழை. ஆயர் ஈத்தாம் பஸ் தாமதம், எங்கள் கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் என் லைனில் பாதி நாற்காலி காலி. வரட்டும், இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் நின்றேன். ருக்குமணி தலை சொட்டச் சொட்ட வந்து நின்றதும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். சூப்பர்வைசர் ஆகி இரண்டு வருஷம், இன்னும் எனக்கு உருப்படியாகத் திட்ட வரவில்லை.

மாலையில் குவாலிட்டி சர்க்கிள். வேலையை எப்படிச் சுலபமாக்கலாம் என்று வேலை செய்கிறவர்களே யோசனை சொல்லும் கூட்டம். மற்ற லைன்களில் சூப்பர்வைசர் பேசுவார், பெண்கள் தலையாட்டுவார்கள். என் லைனில் அப்படி நடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. "தப்பா சொன்னாலும் பரவாயில்ல, நான் இருக்கேன்லா" என்றேன். சுலைஹா பேசினாள், சந்திரிகா பேசினாள். ருக்குமணி வழக்கம்போல நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

18 மார்ச்

பேசிவிட்டாள்!

அவளும் சுலைஹாவும் உட்காரும் மேசையில் ஒரே வேலைதான். மெஷினிலிருந்து கன்னாபின்னாவென்று விழும் சிப்புகளை இடுக்கியால் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்குவது. இன்று திடீரென்று, "அக்கா, தட்டுல இருக்கற குழிய கொஞ்சம் மாத்தி, ஒரு மூலைய அடைச்சிட்டா? தட்ட ஆட்டினா சிப்பு தானா ஒரே பக்கமா உக்காந்துரும். திருப்பவே வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

9 ஏப்ரல்

புதுத் தட்டு வேலை செய்கிறது. "கழுத்து வலி போச்சுக்கா" என்று சிரிக்கிறாள்.

26 ஏப்ரல்

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில், குவாலிட்டி சர்க்கிள் போட்டி. எங்களுக்கு முதல் பரிசு. ருக்குமணிதான் மலாயில் பேசினாள் — ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. "இரண்டு பேர் வேலை மிச்சம்" என்ற வரியை எழுதிக் கொடுத்தது நான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். திரும்பும்போது கடல்மேல் போட்ட புதுப் பாலத்தில் வேன் முழுக்கப் பாட்டு.

12 மே

புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டார். எல்லா லைனிலும் இனி இந்தத் தட்டுதான். திருப்பும் மேசைகளை எடுக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர்களையும்.

"வேற இடத்துல போடுங்க, மிஸ்டர் வாசு."

"ஆர்டரே இல்ல, அருந்ததி. வேற இடம் எங்க இருக்கு?"

"யோசனை கொடுத்தவளையே அனுப்புவீங்களா?"

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எங்கேயோ கெஞ்சிப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. பிறகு, "நீங்களே சொல்லிடுங்க. உங்க பேச்ச கேப்பாங்க" என்றார்.

ஆமாம், கேட்பார்கள். கேட்டுத்தானே இந்தக் கதி!

13 மே

சொல்லவில்லை. வாய் வரவில்லை.

14 மே

சொன்னேன். சுலைஹா அழுதாள், பிறகு என்மேல் பாய்ந்தாள். "நீங்கதானே பேசு பேசுன்னு அவள நச்சரிச்சீங்க!" நியாயம்தான். ருக்குமணி அழவில்லை. "மத்த லைன்லயும் போறாங்களா அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "என்னாலயா?"

இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? சொல்லச் சொல்ல எனக்கே பொய்யாகக் கேட்டது.

20 மே

கேன்டீனில் மற்ற லைன் பெண்கள் அவள் உட்கார்ந்த மேசையை விட்டு எழுந்து போகிறார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "யோசனை என்னோடதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். திட்டறவங்க என்னைத் திட்டட்டும். உன் பேரு வேணாம்."

சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"வேணாங்கா. அது நான் யோசிச்சது. அதையும் எடுத்துக்காதீங்க."

டாய்லெட்டில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்லது செய்யத்தானே போனேன்? இல்லை, நல்லவள் என்று பெயர் வாங்கப் போனேனா?

30 மே

ருக்குமணியும் சுலைஹாவும் போய்விட்டார்கள்.

24 ஜூன்

மறுபடியும் குவாலிட்டி சர்க்கிள். கூட்டம் தொடங்கியதுமே சந்திரிகா கை தூக்கினாள். "அக்கா, சிப்ப சூடு பண்ற அந்த அடுப்பு பக்கத்துல நாங்க மூணு பேரு நிக்கறோம்ல, எனக்கு ஒண்ணு தோணுது—"

"சும்மா இரு" என்றேன்.

அறையே திரும்பி என்னைப் பார்த்தது. சந்திரிகாவின் கை மெல்ல இறங்கியது. "தப்பா சொல்லப் போறேனா அக்கா?"

"இல்லடி. சரியாத்தான் சொல்லுவே."

மீதி நேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம். வெளியே வந்ததும் மிஸ்டர் வாசு கேட்டார், இந்த மாதம் உங்கள் லைனில் என்ன யோசனை என்று.

ஒன்றும் வரவில்லை என்றேன்.