துத்திப் பொடியை அனுப்பவில்லை

பழனிசெட்டிபட்டி,
ஈஸ்வர வருஷம் தை மாதம் 12-ந் தேதி.

சிரஞ்சீவி மகன் தங்கபாண்டிக்கு உன் தகப்பன் தவசி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் ஆத்தாளும் தங்கச்சி கருத்தம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். அங்கு மலாயாவில் ஈப்போ தோட்டத்தில் நீயும் மருமகளும் குழந்தைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. சுகம் என்கிற சொல்லை இந்தத் தடவை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன், அது ஏன் என்று போகப்போகத் தெரியும். முதலில் நீ தனியாக ஒரு தரம் வாசி. பிறகு மருமகளுக்கும் வாசித்துக் காட்டு, ஒளிக்காதே.

பொங்கல் நன்றாகக் கழிந்தது. ஆற்றில் தண்ணீர் குறையவில்லை, இரண்டாம் போகத்து நெல் பால் பிடித்து நிற்கிறது. செவலைக் காளைக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்தேன், அது தலையை ஆட்டி என் வேட்டியெல்லாம் வர்ணமாக்கிவிட்டது. கருத்தம்மாளுக்கு இது ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று. மாட்டுப் பொங்கல் அன்றுதான் உன் காகிதம் வந்தது. வழக்கம்போல ஆத்தாளை உட்கார வைத்து வாசித்தேன். கடைசிப் பக்கத்து ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி, தோட்டத்துச் சாப்பாடு சூடு, வெளிக்குப் போகையில் இரண்டு மாதமாக ரத்தம் படுகிறது, ஊருக்கு வந்திருக்கிற நல்லகண்ணு அண்ணன் திரும்பக் கப்பலேறும்போது ஆத்தா மூலத்துக்கு இடிக்கிற துத்திப் பொடி ஒரு டப்பா கொடுத்து விடவும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுபோயிற்று. என்னத்த முழுங்குறீக, எம் புள்ள எழுதுனத முழுசா வாசிங்க என்றாள். வாசித்தேன். அவள் எழுந்து போய், அடுப்படியில் இருந்த துத்திப் பொடி டப்பாவை எடுத்து அப்படியே குப்பைக் குழியில் கொட்டிவிட்டு வந்தாள். இந்தப் பொடிய உங்களுக்கு ஒன்றரை வருசம் இடிச்சுக் கொடுத்த கை இது, எம் புள்ளைக்கும் இடிச்சுக் கொடுக்க மாட்டேன், நடந்தத மறைக்காம எழுதுங்க என்றாள். அதனால்தான் இந்தக் காகிதம். அப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன ஆடி தொடங்கி ஒன்றரை மாதம் மதுரைப் பக்கம் மாடு பிடிக்கப் போயிருந்தேன் என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே எனக்கும் உன்னைப்போல ரத்தம் பட ஆரம்பித்துவிட்டது. நானும் சூடு, மூலம் என்றுதான் நினைத்தேன். துத்தி தின்றேன், பிரண்டை தின்றேன், கருணைக்கிழங்கு தின்றேன், நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகினேன். இடையில் ஒரு மாதம் ரத்தம் நிற்கும், பார்த்தாயா போய்விட்டது என்று சந்தோஷப்படுவேன், திரும்ப வரும். ஒருநாள் கட்டும், ஒருநாள் நாலு தரம் இழுக்கும். போய்விட்டு வந்தாலும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கும். அரைஞாண் கயிறு இரண்டு விரல்கடை தளர்ந்து போயிற்று. நம் ஊரில்தான் விடியுமுன் சோளக்காட்டுக்குள் போய் வந்துவிடுகிறோமே, யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மாடு சாணி போட்டால் குனிந்து கிளறிப் பார்த்து அதன் ஜாதகத்தையே சொல்லுகிற தரகன் நான், என்னுடையதை ஒரு நாளும் பார்த்ததில்லை. உன் ஆத்தாளிடம் வெறும் சூடு என்று சொல்லித்தான் பொடி இடிக்க வைத்தேன், வேட்டியில் கறை பட்டபோது வெற்றிலை எச்சில் என்று சொல்லிவிட்டேன்.

மாட்டினாலேயே மாட்டிக்கொண்டேன். ஆனி மாதக் கடைசிச் சந்தையில் ராயப்பன்பட்டி சவரிமுத்து ஒரு மயிலைக் காளைக்கு ஆசைப்பட்டான். நானும் கைமேல் துண்டைப் போட்டு மூடி அதற்குள் அவன் விரலைப் பிடித்து விலையைப் பேசி முடிக்கிற சமயம், காளை சாணி போட்டது. பார்த்தேன், ரத்தமும் சளியுமாக இருந்தது. கையை உருவிக்கொண்டு, மாட்டு டாக்டர் பார்க்காமல் கயிறு மாற்றி மாட்டை வாங்கிவிடாதே என்று சொல்லிவிட்டேன். அவன் அன்று சாயங்காலமே நன்றி சொல்ல வீட்டுக்கு வந்து, அண்ணன் கண்ணுதான் கண்ணு, ரத்தத்தப் பாத்ததும் டாக்டர்ட்ட காட்டச் சொன்னாக என்று என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தான். மோர் கொண்டு வந்த உன் ஆத்தாள் செம்பைத் தரையில் வைத்தாள். மாட்டுக்கு ரத்தம் வந்தா டாக்டரு, உங்களுக்கு வந்தா துத்தி இலையாக்கும், வேட்டி தொவைக்கிறவளுக்கு எச்சிலு எது ரத்தம் எதுன்னு தெரியாதா, வெத்தலைய எந்தப் பக்கமா மெல்லுறீக என்று வெளி ஆள் இருக்கிறான் என்றுகூடப் பாராமல் கேட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்த கோபம்! சவரிமுத்து சிரிக்கவில்லை. அண்ணே, காலையில எம் வண்டியிலயே தேனிக்கு வாங்க, ரயிலேத்தி நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றான். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனான்.

அங்கே டாக்டர் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, போர்வையைப் போட்டு, ரப்பர் உறையை மாட்டி ஒரே விரலால் உள்ளே பார்த்தார். நாற்பது வருஷம் துண்டுக்குள் விரல் பிடித்தே பிழைத்தவன் நான், அந்த ஒரு விரலுக்குப் பயந்துதான் ஒன்றரை வருஷம் ஓடி ஒளிந்திருக்கிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வலியும் பெரிதாக இல்லை. இது மூலமில்லை, குடலின் அடிப்பக்கத்தில் புற்று, இன்னும் வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்றார். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் சின்ன வேலையாகப் போயிருக்கும், ஆறு மாதம் பிந்தி வந்திருந்தால் நான் கத்தியையே தொட்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அறுத்தார்கள். வெளிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் வேறு வழி வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் அழுதேன், மறைக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. உன் ஆத்தாள் பழைய சேலையில் பட்டை தைத்துத் தருகிறாள், அதைக் கட்டி மேலே வேட்டி கட்டினால் ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தைச் சந்தையில் காலையிலிருந்து பொழுதிறங்கும் வரை நின்று மூன்று ஜோடி முடித்துக் கொடுத்தேன். பசிக்கிறது, தின்கிறேன், அரைஞாண் கயிறு மறுபடி இறுகுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானசெல்வி என்கிற பெண், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டது. அப்போதுதான் உன் பெரியப்பன் அம்மாவாசி நினைவு வந்தது. நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் அண்ணன் இளைத்து இளைத்துச் செத்துப்போனாரே, செய்வினை என்று சொல்லிக் குமுளிக்கு மேலே மந்திரவாதியிடம் கூட்டிப் போனோமே, அவருக்கும் ரத்தம்தான், அவருக்கும் துத்திதான். அந்தப் பெண் சொன்னது, அப்படியானா உங்க பிள்ளைகளுக்கு இன்னைக்கே எழுதிப் போடுங்க ஐயா, இது சில குடும்பத்தில தொடர்ந்து வருது என்று. தலையை ஆட்டினேன். ஆறு மாதமாக எழுதவில்லை. வெட்கம். நான் அன்றே எழுதியிருந்தால் நீ ரத்தம் பட்ட முதல் நாளே போயிருப்பாய், இந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அப்பனை மன்னித்துவிடு.

பயப்படாதே தம்பி. போன வாரம் உன் காகிதத்தோடு மதுரைக்குப் போய் டாக்டரையே பார்த்தேன். உன் வயதில் பத்துப் பேருக்கு ரத்தம் பட்டால் ஒன்பது பேருக்கு வெறும் மூலமாகத்தான் இருக்கும், ஆனால் குடும்பத்தில் இருவருக்கு வந்திருப்பதால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அங்கே காட்ட இங்கிலீஷில் சீட்டும் எழுதிக் கொடுத்தார், இதனோடு வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. துரையிடம் லீவு கேட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. எத்தனை நாளாக, கலந்து வருகிறதா சொட்டுகிறதா, போக்கு மாறியிருக்கிறதா, உடம்பு இளைத்ததா, எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்லு. விரல் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் சரி என்று படு, வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப்போல ஓடாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, நீ விட்டதை அவள் சொல்லுவாள். நல்லகண்ணு தை கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறான், அவன் கையில் பேரப்பிள்ளைகளுக்கு எள்ளுருண்டையும் மொச்சையும் கொடுத்து விடுகிறோம். அந்தத் துத்தி டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில்தான் ஆத்தாள் எள்ளுருண்டை அடைத்திருக்கிறாள். காகிதம் முந்திப் போகட்டும் என்று இதை மட்டும் தபாலில் போடுகிறேன்.

உனக்கும் மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் நீண்ட ஆயுசும் நோயற்ற உடம்பும் கிடைக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாபகமாக ஒன்று. பதில் எழுதும்போது இங்கு யாவரும் சுகம் என்று ஆரம்பிக்காதே. டாக்டர் என்ன சொன்னார் என்பதை முதல் வரியில் எழுது. உன் ஆத்தாளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் நான் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றரை வருஷம் உனக்குப் போட்ட ஒவ்வொரு காகிதத்திலும் ரத்தத்தை மறைத்துக்கொண்டு நான் சுகம் என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்குத் தெரியும். உன்னை டாக்டர் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் காகிதத்துக்குத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருக்கும் தகப்பன்,
மா. தவசி.